ஆட்டோக் கூலிக்கும் பணம் கொடுத்த நிதியுதவி: பத்து மாத அனுபவம்

பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்று மதுரையில் ஒரு அறக்கட்டளை தருகிற நிதியுதவியை 2024 ஆகஸ்டிலிருந்து 2025 மே வரை வாங்கிச் செலவழித்து, கணக்கும் ஒப்படைத்துவிட்டேன். மொத்தம் 1,50,000 ரூபாய். எங்களைப் போல் கிராமத்தில் குழு நடத்துகிற பெண்கள் நாலைந்து பேர், 'எப்படியிருக்கு, விண்ணப்பம் எழுதிப் போடலாமா?' என்று போனில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் அறக்கட்டளையின் பெயரை இங்கே போடவில்லை. வேண்டியவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாடிப்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் நடுவில், பெரியார் கால்வாயை ஒட்டிய ஊர். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினேன். பத்தாவது படிக்கும்போது வயசுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் கபடி அணி சீன தைபேயை (தைவான்) 26-25 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது. அந்தப் போட்டிகளில் இந்தியாவுக்கு அது 100-வது பதக்கம். அன்றைக்கு சொசைட்டியில் பால் ஊற்ற வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மறுநாள் சாயங்காலம், நெல் அடிக்கிற களத்தில் கோலமாவால் கோடு போட்டு ஆட ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் வேண்டும். அவர்கள் காலடியால் அளந்து போட்டது கோணல்மாணலாக இருந்தது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அப்படித்தான் இது தொடங்கியது.

அந்த முதல் வருடம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பொங்கல் முடிந்தபோது ஐந்து பேர்தான் மிச்சம். பந்தோ மட்டையோ தேவைப்படாத ஆட்டம் கபடி. அப்படியிருந்தும் ஏழு பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று வீடுவீடாகப் போய்க் கேட்டேன். 'இருட்டிருதுல மதனி' என்பதுதான் முக்கால்வாசி வீட்டில் கிடைத்த பதில். பிள்ளைகள் மூன்று ஊர்களிலிருந்து வருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குச் சிரமமில்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, ஏறி உட்கார்ந்தால் வந்துவிடலாம். ஆறரை மணிக்குப் பயிற்சி முடிகிறபோதுதான் சிக்கல். அப்போது போகிற பஸ் இல்லை, அடுத்தது எட்டு மணிக்கு. கால்வாய்க் கரையில் இரண்டரை கிலோமீட்டர், விளக்கே கிடையாது. ஒரு அம்மா என்ன தைரியத்தில் அனுப்புவார்?

இதை வைத்துக்கொண்டுதான் நான் நிதியுதவி தேடினேன். இதை வைத்துத்தான் இந்த அறக்கட்டளையையும் எடைபோடுகிறேன்.

மேலே ஏறிவிட்ட பிள்ளைகளுக்கு ஏணி இருக்கிறது, அதை மறுக்கவே மாட்டேன். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வாகிவிட்டால் வருடத்துக்கு 6.28 லட்சம் ரூபாய் உதவி, அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கு. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சாம்பியன்ஸ் அறக்கட்டளை, போட்டிக்குப் போகிறவர்களின் பயணத்துக்கும் உபகரணத்துக்கும் உதவுகிறது. ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் 2024-இல் வந்தன, எங்கள் ஊருக்கும் வந்தது. பசங்கள் கிரிக்கெட்டுக்கும் வாலிபாலுக்கும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். கம்பெனிகள் லாபத்தில் சமூகத்துக்கு ஒதுக்குகிற பணத்தைக் கிராம விளையாட்டுக்குச் செலவிடலாம் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையே சொல்கிறது. ஆனால் அந்தப் பணத்தை நேராக வாங்க வேண்டுமானால் பதிவு செய்த அமைப்பு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, கம்பெனிப் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு என்று வரிசையாகக் கேட்பார்கள். களத்தில் கோலமாவு போட்டு ஆடுகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே இருக்கும்?

இவர்கள் கேட்டது இரண்டு பக்க விண்ணப்பம், அதுவும் தமிழில். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே பணம் போட ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் பக்கத்தில் செலவுத் தலைப்புகள் அச்சாகியிருந்தன: உபகரணம், உடை, போட்டிச் செலவு. நான்காவதாக ஒரு வரி. 'பிள்ளைகள் வந்துபோகும் செலவு.' அதைப் படித்துவிட்டு, பால் கேனை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். இந்தப் படிவத்தை எழுதியவர் யாரோ, ஏதோ ஒரு கிராமத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நின்றிருக்கிறார்.

விண்ணப்பம் போட்டு ஐந்து வாரத்தில் இரண்டு பேர் நேரில் வந்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. களத்தை நடந்து பார்த்தார்கள். பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார்கள். கடைசியில் என்னிடம் கேட்ட கேள்வி, 'இங்கே கக்கூஸ் எங்கே இருக்கு?' சொசைட்டிக் கட்டடத்தில் இருக்கிறது, சாவி என்னிடம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். முதல் தவணை 90,000 ரூபாய் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வந்தது.

ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய், மாதத்தில் பன்னிரண்டு நாள். பத்து மாதத்துக்கு 42,000. பெரிய செலவு இதுதான், பிரயோசனமும் இதில்தான் அதிகம். ஓட்டுகிறவர் பிள்ளைகளில் ஒருத்திக்கு மாமா முறை. கடைசி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார், அதற்குப் பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு கை சுண்டல். இதற்கு 25,000. கதிர் அறுக்கிற சமயத்தில் களம் கிடைக்காது என்பதால் சொசைட்டிக்குப் பின்னால் முள்ளடித்து, இரண்டு லோடு மண் அடித்து, சல்லடையில் சலித்துக் கல் பொறுக்கி எங்களுக்கென்று ஒரு தரை போட்டோம். மண் அடித்த அன்று பிள்ளைகளின் அப்பாக்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். அதற்குக் கூலி எழுதவில்லை.

உடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல ஊர்களில் ஆட்டம் நிற்பது இதில்தான்.

ஷார்ட்ஸ் போட்டு ஆடுவதற்கு ஊரில் பேச்சு வந்தது. ஒரு அப்பத்தா களத்துக்கே வந்து, 'ஏத்தா, டவுசரப் போட்டுக்கிட்டுப் பொட்டப்புள்ள காலத் தூக்கி ஆடுனா நாளைக்கு எவன் கட்டுவான்?' என்று என்னைக் கேட்டார். நான் சண்டை போடவில்லை. அவருடைய பேத்திதான் எங்கள் நல்ல ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். மூன்று இடத்தில் விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. ரெடிமேட் ஜெர்சிக் கடைகள் இரண்டில் விலை எழுதி வாங்கினேன். மூன்றாவதாக, முன்பு மீனாட்சியம்மன் கோவில் எதிரே புதுமண்டபத்தில் கடை வைத்திருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிற ஒரு தையல்காரரிடம் போனேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடக்காரர்களுக்கு உடுப்பு தைக்கிற கை அவருடையது. விலையும் அவரிடம்தான் குறைவு.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். டேப்பைக் கழுத்தில் போட்டபடி, 'எப்படி ஆடுவீங்க, ஆடிக் காட்டுங்க தாயி' என்றார். ரெய்டர் பிள்ளை வெட்கப்பட்டு, பிறகு அந்த இடுக்கிலேயே குனிந்து, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கையை முன்னால் வீசிக் காட்டினாள். அவர் கீழே குந்தி உட்கார்ந்து அவள் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் துணி எங்கே இழுக்கிறது என்று பார்த்தார். 'பிடிச்சு இழுப்பாங்களா?' என்றார். கபடியில் வேறு என்ன, இழுப்பதுதானே. ஜெர்சிக்கு அக்குளிலும் விலாவிலும் இரட்டைத் தையல் போட்டார். கால்சட்டையில் கவுட்டிப் பக்கம் ஒரு துண்டுத் துணி கூடுதலாக வைத்தார். ஷார்ட்ஸுக்கு அடியில் போட முழங்கால் தாண்டி வருகிற மாதிரி இழுபடும் துணியில் ஒன்று. ஆளுக்கு இரண்டு செட், செட் 650 ரூபாய். பத்து மாதமாக இழுபடுகிறது, ஒரு தையல்கூட விடவில்லை. அந்த அப்பத்தா உடையை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த வாரத்திலிருந்து பேத்தியைக் கூப்பிடுகிற சாக்கில் டார்ச்சோடு வந்து கரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்.

இன்னொரு உடை இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஸ்போர்ட்ஸ் பிரா. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் ஓடும்போது கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஓடியவள். கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு எதிராளியை எப்படித் தொடுவது? இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு ஆண். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. 'உடையில எழுதுங்கம்மா, ஆளுக்கு ரெண்டு வாங்குங்க' என்றார். அன்றைக்கே எழுத்திலும் அனுப்பினார். நிதியுதவி தொடங்கியபோது இருந்த பதினாறு பேருக்கும் 11,200 ரூபாய். பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரே வாரத்தில் மாற்றம் தெரிந்தது இந்தச் செலவில்தான். இதற்காக மட்டுமே அந்த அலுவலகத்துக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் தவணைக் கணக்கை டிசம்பர் கடைசியில் ஒப்படைத்தேன். இரண்டாம் தவணை 60,000 ஜனவரியில் வர வேண்டும். வந்தது மார்ச் நடுவில், 74 நாள் கழித்து. கணக்குப் பார்க்கிறவர் மாறிவிட்டார் என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஆட்டோவை இரண்டரை மாதம் நிறுத்தினால் அந்த இரண்டரை மாதத்தில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், திரும்பக் கூப்பிட முடியாது. கூட்டுறவு வங்கியில் என் செயினை வைத்து 20,000 எடுத்து ஓட்டினேன். வட்டியைக் கணக்கில் எழுத முடியாது என்றார்கள். வட்டி போனால் போகிறது. செயின் இல்லாத இன்னொரு பெண் இந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? வந்துபோகும் செலவை மட்டுமாவது தவணையோடு கட்டாமல் மாதாமாதம் அனுப்ப வேண்டும். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

பில் விஷயமும் அப்படித்தான். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்று விதியில் போட்டிருக்கிறது. முட்டைக்காரரும் ஆட்டோக்காரரும் ஜிஎஸ்டிக்கு எங்கே போவார்கள்? கடைசியில் கையெழுத்து வாங்கிய வவுச்சர் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அதற்கு ஏழெட்டுப் போன். சொசைட்டியில் லிட்டர் லிட்டராகக் கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் நான் தினமும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் மிரண்டுவிடுவார்கள்.

பயிற்சியாளருக்கு ஊதியம் இதில் கிடையவே கிடையாது. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். நான் சும்மா செய்கிறேன் என்றால் சொசைட்டிச் சம்பளம் இருப்பதால். கல்லூரியில் கபடி ஆடிவிட்டு இப்போது மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மாதம் ஐயாயிரம் கொடுத்தால்கூட வாரத்தில் மூன்று நாள் வருவார்கள். எனக்குத் தெரியாத ஆட்டம் அவர்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதது என்ன என்று மேட்டில்தான் (போட்டிகளில் தரையில் போடுகிற 'மேட்' விரிப்பு) தெரிந்தது. ஜனவரியில் மதுரையில் ஒரு போட்டிக்குப் போனோம். அதுவரை வெறுங்காலில் மண்ணில் ஆடியவர்கள். மண்ணில் கால் விரல்கள் பூமியைக் கவ்விப் பிடிக்கும். ரெய்டர் அந்தப் பிடியை நம்பித்தான் திரும்புவாள். மேட்டில் கவ்வ ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைக்கு ரப்பர் அடியுள்ள ஷூ போட்டிருந்தோம், வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முதல் ரெய்டில், கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள், திரும்பும்போது ஷூ மேட்டில் கிறீச்சென்று பிடித்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. மண்ணாக இருந்தால் விரலை ஊன்றித் திரும்பி வந்திருப்பாள். கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். பாதிக்குப் பதினைந்து நிமிடம், அந்த முதல் பாதி முழுக்க இப்படியே விழுந்தோம். இரண்டாம் பாதியில் சின்னச் சின்ன அடியாக வைக்கப் பிள்ளைகளே கற்றுக்கொண்டார்கள், அதற்குள் ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. ஷூவுக்கு 22,400 கொடுத்த அறக்கட்டளை, மாதம் ஒருமுறை மேட்டில் பழக ஏற்பாடும் சேர்த்துச் செய்திருக்கலாம். ஷூவை நான்கு மாதம் முன்னாலேயே வாங்காதது என் தவறு.

அந்தப் போட்டியில் உடை மாற்ற இடம் இல்லை. நான்கு அம்மாக்கள் சேலை முந்தானையை விரித்து வட்டமாக நின்றார்கள், அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டார்கள். போட்டிக்குப் பணம் கொடுக்கிற எந்த அமைப்பாக இருந்தாலும், 'பெண்கள் உடை மாற்ற அறை எங்கே?' என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கட்டும். ஒரே ஒரு கேள்விதான்.

கடைசி அறிக்கையில் 'பெற்ற பதக்கங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். கூச்சமாக இல்லை, வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அதற்குப் பக்கத்தில் 'இன்னும் வருகிறவர்கள்' என்று ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் 13 என்று எழுதியிருப்பேன். பதினாறில் தொடங்கிப் பத்து மாதம் கழித்து பதின்மூன்று. இருவர் படிப்புக்காக ஊர் மாறினார்கள். ஒருத்தியைத்தான் இழந்தோம், அவளுக்குக் கல்யாணம். இந்தப் பத்து மாதத்தில் இரண்டு பிள்ளைகள் வயசுக்கு வந்தார்கள். சடங்கு முடிந்து, ஒருத்தி மூன்றாம் வாரத்திலும் மற்றவள் ஐந்தாம் வாரத்திலும் களத்துக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வயதில் நான் திரும்பவில்லை. அறிக்கையின் பின்பக்கத்தில் இதைக் கையால் எழுதி அனுப்பினேன்.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பாட்டி வளர்த்த பெண், வெறுங்காலில் ஓடியவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் ஓடினார். அவர் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் வருகிற ஒரு இடம். பயிற்சியாளர் ஒருவர் பாட்டியிடம் போய்ப் பேசி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் ஏற்பாடு செய்து கொடுத்தார். இருக்க இடமும் சோறும் உறுதியான பிறகுதான் ஓட்டம். எங்கள் அளவில் ஆட்டோவும் முட்டையும் அதைத்தான் செய்தன.

எழுதிப் போட நினைக்கிறவர்களுக்கு: போடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது 74 நாளுக்காக. பணம் வந்த அன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். எதை வாங்கும் முன்பும், அந்தத் தலைப்பில் வாங்கலாமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாத ஆட்டோக் கூலியைத் தொடாமல் தனியாக வையுங்கள். மேட்டில் ஆட வேண்டியிருந்தால் ஷூவை முதல் மாதமே வாங்குங்கள்.

மே மாதத்தோடு பணம் முடிந்தது. ஜூனிலிருந்து வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு ஆட்டோவை வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓட்டுகிறோம். மற்ற நாட்களில் அந்த அப்பத்தாவும் இன்னும் இரண்டு பேரும் டார்ச்சோடு பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் நடந்து கொண்டுபோய் விடுகிறார்கள். மழைக்காலம் வந்தால் கால்வாய்க் கரையில் அது நடக்காது. அதற்குள் இந்த வருடத்துக்கான விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். செலவுக் கணக்கில் போன தடவை ஜெர்சியை முதலில் எழுதியிருந்தேன். இந்தத் தடவை முதல் வரியில் ஆட்டோ, இரண்டாவது வரியில் முட்டை. படிவத்தில் பயிற்சியாளர் ஊதியத்துக்குத் தலைப்பு இல்லை. கீழே கோடு போட்டு நானே எழுதி, எதிரே 50,000 என்று நிரப்பியிருக்கிறேன்.